மெல்லிசை மாலை: பட்டியலில் இரண்டு திருத்தங்கள் வேண்டும்

அன்பான தம்பலகாமத்து உறவுகளுக்கு வணக்கம்.

கோடை ஒன்றுகூடலில் நடக்கப்போகும் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் நினைவு மாலைக்கான பாட்டுப் பட்டியலைச் செயலாளர் தம்பி அனுப்பியிருந்தார். இந்த வருடம் எம்.எஸ்.வி.யைத் தெரிந்தெடுத்ததில் எனக்கு மெத்தச் சந்தோசம். இரண்டு மாற்றங்கள் மட்டும் கேட்டு எழுதுகிறேன். எல்லாப் பாட்டுக்கும் கரோக்கி என்று போட்டிருக்கிறது. அதை விட்டு நம் பிள்ளைகளையே வாசிக்க விடவேண்டும். மற்றது, 1965 வரையான பாட்டுகளுக்கும் 'இசை: எம்.எஸ்.வி.' என்று மட்டும் இருக்கிறது. அங்கே அவரோடு ஜோடியாக இசையமைத்த ராமமூர்த்தியின் பெயரும் வரவேண்டும். இரண்டையும் நான் ஒரே காரணத்துக்காகத்தான் கேட்கிறேன். எம்.எஸ்.வி. ஒருநாளும் தனியே இருந்து இசை செய்தவர் இல்லை.

இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது. ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளி என்ற கிராமத்தில் 1928 ஜூன் 24இல் பிறந்தவர். நாலு வயதளவில் தகப்பன் இறந்துபோக, கண்ணூரில் தாத்தாவின் நிழலில் வளர்ந்தார். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றபடியே படப் பாட்டுகளைக் காதால் பிடித்தார். நீலகண்ட பாகவதர் என்ற ஆசிரியர் சங்கீதம் சொல்லிக்கொடுத்து, 13 வயதில் மேடையேற்றி விட்டார்.

பிறகு நடிகராகும் ஆசையோடு ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பனிக்கு வந்தார். நடிப்பு வாய்க்கவில்லை. எடுபிடி வேலை கிடைத்தது. கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் குழுவில் ஆர்மோனியத்தோடு ஒட்டிக்கொண்டார் பையன். எம்.எஸ்.வி. பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று இந்த இடத்தில்தான் வருகிறது. 1948இல் வெளிவந்த 'அபிமன்யு' படத்தின் ஒரு பாட்டுக்கு நாயுடுவுக்கு மெட்டு அமையவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பையன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் போட்டுப் பாடிப் பார்க்க, அது நாயுடுவின் காதில் விழுந்துவிட்டது. அந்த மெட்டையே அவர் படத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் வெளியில் சொல்லக்கூடாது என்றார். சின்னப் பையன் போட்டது என்று தெரிந்தால் கம்பனிக்காரர் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் பயம்.

சென்ட்ரல் ஸ்டூடியோ வேலை முடிந்து ஜூபிடர் சென்னைக்குப் போக இருந்தபோது ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். பையனுக்கும் வேலை போகும் நிலை. அப்போது நாயுடுவே முதலாளியிடம் போய், அந்தப் பாட்டு இவன் போட்டது, இவனைக் கைவிடாதீர்கள் என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். மறைத்ததற்காக நாயுடுவில் எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் சொல்லவேண்டிய நேரத்தில் வாய் திறந்தவரும் அவர்தான். அவர் பேசாமல் இருந்திருந்தால் நாம் இந்த மாலையை யாருக்கு நடத்தப்போகிறோம்?

சென்னையில் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் டி.கே. ராமமூர்த்தி. 1922இல் திருச்சியில் சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவர், விஸ்வநாதனை விட ஆறு வயது மூத்தவர். 1952இல், முப்பது வயதுகூட ஆகாத சுப்பராமன் திடீரென்று இறந்துபோனார். கையில் இருந்த படங்கள் அரைகுறையாக நின்றன. அவற்றை முடித்துக்கொடுத்தவர்கள் இந்த இரண்டு பேரும். அப்படியே அவர்களை ஜோடியாக்கி, தன் 'பணம்' படத்தைக் கொடுத்தார் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்ற பெயர் திரையில் வந்தது அதே 1952இல்.

அந்த வருடம் நமக்கும் முக்கியமானது. 1952இல் இந்தியாவில் வானொலிக்குப் பொறுப்பான அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை, சினிமாப் பாட்டு கேட்க ஆசைப்பட்ட இந்தியர்கள் இலங்கை வானொலிக்குத்தான் திருப்பினார்கள். சென்னையில் பதிவான பாட்டு கொழும்புக்கு வந்து, மயில்வாகனன் போன்றவர்களின் அறிவிப்போடு மறுபடி தமிழ்நாட்டுக்குப் போன காலம் அது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி வளர்ந்தது அந்தக் காலத்தில். நம் தீவுக்கும் அவர்கள் வளர்ச்சியில் பங்கு உண்டு என்று நான் பெருமையோடு சொல்வேன்.

நம் ஊரில் அந்தப் பாட்டுகள் கேட்ட விதத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டுக் களை பிடுங்குவார்கள். கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கர் பாடினால் வயல்வெளி தாண்டி ஆதிகோணேசர் கோயிலடிவரை கேட்கும். படத்தைப் பார்க்கத் திருகோணமலை டவுனுக்குப் போகவேண்டும், அதற்குக் காசு வேண்டும். பாட்டு அப்படியல்ல, படம் பார்க்காத கிழவிக்கும் அது மனப்பாடம். 'மயக்கமா கலக்கமா' எந்தப் படம் என்று என் அம்மம்மாவுக்கு சாகும்வரை தெரியாது. ஆனால் பி.பி. ஸ்ரீநிவாஸ் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தார்.

சரி, இசைக்கு வருகிறேன். அவர்கள் வேலை செய்த முறை பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தோடு உட்காருவார். பக்கத்தில் கண்ணதாசனோ வாலியோ. எதிரே இயக்குநர். மெட்டுக்கு வரி வரும், சில நேரம் வரிக்கு மெட்டு வரும், பிடிக்காவிட்டால் இன்னொரு மெட்டு. பிறகு உதவியாளர்களும் வாத்தியக்காரர்களும் கூடி அதைப் பாட்டாக எழுப்புவார்கள். எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசித்தால்தான் பதிவு. ஒருவர் பிழைவிட்டால் எல்லாரும் முதலில் இருந்து. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதுபோலவே எடுக்கப்பட்டிருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.எஸ்.வி. கையசைத்து நடத்துகிறார். ஒத்திகைக்கு வருமுன் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வாத்தியத்துக்குக் கௌரவமான இடம் கொடுத்தார்கள். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் 'சொன்னது நீதானா' பாட்டில் சுசீலாவின் குரலுக்கு ஈடாக சிதார் அழும். 'புதிய பறவை'யின் 'உன்னை ஒன்று கேட்பேன்' பியானோவைச் சுற்றி எழுந்த பாட்டு. 'கர்ணன்' படத்துக்கு வடநாட்டு வாத்தியங்களையும் ராகங்களையும் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' கேட்கும்போது நமக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. சக்கரவாக ராகமும் சீர்காழி கோவிந்தராஜன் குரலும் சேர்ந்தால் செத்த வீட்டில் கூட ஆட்கள் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். எனக்கு அந்தப் பாட்டைத் தாண்டி இன்னொன்று இல்லை.

1963இல் சென்னையில் இருவருக்கும் சேர்த்து 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் கொடுத்தார்கள். பன்மையில்தான் கொடுத்தார்கள். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதற்குள் நாம் போகவேண்டியதில்லை. விஸ்வநாதனுக்குத் தனியாகப் படங்கள் குவிந்தன. ராமமூர்த்திக்கு மெல்ல மெல்லக் குறைந்தன. அதனால்தான் இன்றைக்குப் பழைய பாட்டு எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. எம்.எஸ்.வி.யே இதைக் கேட்டால் மனம் வருந்தியிருப்பார் என்று நம்புகிறேன். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டத்தை இருவருக்கும் கொடுத்தார். அடுத்த வருடம் ராமமூர்த்தி போய்விட்டார்.

தனியான பிறகும் எம்.எஸ்.வி. கூட்டு முயற்சியை விடவில்லை. கே. பாலசந்தர் படங்களில் துணிந்து பரீட்சை பண்ணினார். 'அவள் ஒரு தொடர்கதை'யில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் பாட்டுக்கு நடுவே சதன் மிருகம் பறவைகளின் குரல் கொடுத்ததை இங்குள்ள குழந்தைகளும் ரசிப்பார்கள். 'அபூர்வ ராகங்க'ளில் பாலமுரளிகிருஷ்ணா படைத்த மஹதி என்ற நாலு சுர ராகத்தை எடுத்து 'அதிசய ராகம்' தந்தார். நம் சங்கக் கூட்டங்களில் பாடும் 'நீராருங் கடலுடுத்த' பாட்டுக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவரும் அவரே. இளையராஜா உச்சத்தில் இருந்தபோது, 1986இல், 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். தனக்குப் பின் வந்து தன் இடத்தைப் பிடித்தவரோடு ஒரே பாட்டில் உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்திய அரசு அவருக்கு ஒரு பத்ம விருதுகூடக் கொடுக்காதது எனக்கு ஆறாத குறை.

பட்டியலில் ஒரு பாட்டை இணைத்தே ஆகவேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு இசை அவர் இல்லை, குரல் அவர். 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் 'விடை கொடு எங்கள் நாடே'. இசை ஏ.ஆர். ரகுமான், வரிகள் வைரமுத்து. நம் சனம் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கடல் கடக்கும் காட்சிக்கு வரும் பாட்டு. அதற்கு இளம் குரல்கள் எத்தனையோ கிடைத்திருக்கும். எழுபது தாண்டிய எம்.எஸ்.வி.யின் உடைந்த குரலை முன்னால் வைத்து, மற்றக் குரல்களை அதோடு சேர்த்தார்கள். சுருதி சுத்தமான குரல் அல்ல அது. வயோதிபர் ஒருவர் படலையடியில் நின்று திரும்பிப் பார்க்கும் குரல். தம்பலகாமத்தை விட்டு வந்தவர்கள் அந்தப் பாட்டை எத்தனை தரம் பாதியில் நிறுத்தியிருப்போம் என்று உங்களுக்கே தெரியும். 2015 ஜூலை 14இல் அவர் காலமான செய்தி வந்தபோது இந்தக் குழுவில் பலர் முதலில் பகிர்ந்தது இதைத்தான். இதைக் கரோக்கியில் பாடக்கூடாது. மேடையில் எல்லாரும் சேர்ந்து பாடவேண்டும்.

என் யோசனை இதுதான். ரொறன்ரோவில் வயலின் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். 'பட்டினப் பிரவேசம்' படத்தின் 'வான் நிலா நிலா அல்ல' வயலினுக்காகவே பிறந்த பாட்டு, அவர்களிடம் கொடுக்கலாம். மிருதங்கம் வாசிக்கும் தம்பியும் கீபோட் வாசிக்கும் தங்கச்சியும் சேர்ந்தால் 'மயக்கமா கலக்கமா' நடந்துவிடும். 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'அந்த நாள் ஞாபகம்' பாதி பாட்டு, பாதி பேச்சு. ஸ்கார்பரோவில் இருக்கும் நம் பழைய வாத்தியார்கள் இருவர் அதைச் செய்தால் நன்றாக இருக்கும். ஒஸ்லோ தம்பி சிதாரைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கட்டும். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. 13 வயதுப் பையனை மேடையேற்ற ஒரு பாகவதருக்கு மனம் வந்ததே, நமக்கும் வரவேண்டும்.

ஒத்திகைக்கு எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட் இருக்கிறது, தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. எந்தப் பிள்ளை எந்த வாத்தியம் என்று பெற்றோர் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். செயலாளர் தம்பி, நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் 1952 முதல் 1965 வரையான பாட்டுகளுக்கு 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று திருத்திவிடுங்கள். எந்தப் பாட்டு எந்த வருடம் என்ற விபரத்தைத் தனியாக உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ரொறன்ரோவில் இருந்து உங்கள் அண்ணை