புல்தரையைச் சமன் செய்த அனுபவம்: நிரப்பும் முன் காரணத்தைத் தேடுங்கள்

வீட்டுப் புல்தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறதே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மணலைக் கொட்டும் முன் பள்ளம் ஏன் வந்தது என்று பாருங்கள். எங்கள் தரையில் குழாய் புதைத்த தடத்தில் நீளமாக ஒரு பள்ளம், ஓரத்தில் வட்டமாக இன்னொன்று. முதலாவது, தோண்டி மூடிய மண் மெல்ல அமர்ந்ததால் வந்தது. அது அமர்ந்து முடிந்ததும் நிரப்பினால் போதும். வட்டப் பள்ளமோ மழைக்கு மழை ஆழமாகிக்கொண்டே போனது. தோண்டினால் உள்ளே பழைய மரத்தின் அடிக்கட்டை. விரலால் அழுத்தியதும் ஈரத் தவிடு போல உதிர்ந்தது. மட்கும் கட்டை கீழே இருக்கிறவரை மேலே எவ்வளவு போட்டாலும் இறங்கத்தான் செய்யும். முழுவதையும் எடுத்துவிட்டு, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து நிரப்பிய பிறகுதான் தரை நின்றது.

மேடு பள்ளத்தைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது. நீளமான நேர்ப்பலகையைத் தரைமேல் வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் பள்ளம். ரசமட்டம் இருந்தால் சரிவையும் பார்த்துவிடலாம். சுவரிலிருந்து வெளிப்பக்கம் மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் மழைநீர் அஸ்திவாரத்தின் பக்கம் தேங்கும்.

ஆழமில்லாத பள்ளத்துக்கு மணல், சலித்த மண், மட்கிய எரு மூன்றையும் கலந்து போடுகிறேன். தோட்ட மண்ணோடு ஒத்துப்போகிற கலவையாக இருக்க வேண்டும். புல்லைக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, ஒரு தடவைக்கு 1 செ.மீ. அளவு தூவி, முரட்டு விளக்குமாற்றால் முன்னும் பின்னும் தள்ளுவேன். தள்ளி முடித்ததும் புல் நுனி வெளியே தெரிய வேண்டும். மூடிவிட்டால் வெளிச்சம் கிடைக்காமல் மஞ்சளாகி அழுகிவிடும். அடுத்த அடுக்கு, புல் மேலே ஏறி வந்த பிறகுதான். புல் வேகமாக வளரும் பருவத்தில்தான் இந்த வேலை. அருகம்புல் போலக் கொடியோடும் வகைகள் வெயில் காலத்தில் தானாகவே ஊடுருவி வந்துவிடும். கொத்தாக வளரும் வகை என்றால் மேலே விதை தூவ வேண்டிவரும்.

3 செ.மீ.க்கு மேல் ஆழம் என்றால் தூவி மாளாது. புல்லை வேர்மண்ணோடு கீறி இரண்டு பக்கமும் மடித்துத் திறந்து, அடியில் மண் போட்டு, திரும்ப மூடி நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மேட்டுக்கும் இதே வழிதான், மண்ணை எடுக்க வேண்டும், அவ்வளவே.

ரோலர் உருட்டினால் சமமாகிவிடும் என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஈரக் களிமண்ணில் உருட்டினால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது.

மறுமொழி:
ரோலர் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். எனக்குச் சமன் செய்ததன் பலன் வெட்டும்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் மேட்டில் பிளேடு உரசி, புல் போய் மண் தெரியும். இப்போது ஒரே உயரத்தில் வெட்ட முடிகிறது. ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. வெட்டிய துணுக்குகளை அப்படியே விட்டுவிடுகிறேன், தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும். பிளேடு மழுங்கினால் நுனி கிழிந்து இரண்டே நாளில் பழுப்பாகிவிடும், அதைக் கவனியுங்கள். அப்புறம் தண்ணீர். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். மழை இல்லாத வாரத்தில், அதிகாலையில், ஓரிரு தடவை ஆழமாக விடுகிறேன். தரையில் வைத்த தட்டையான டப்பாவில் வாரத்துக்கு 2.5 செ.மீ. சேர்ந்தால் போதும்.

மறுமொழி:
மரத்தடியில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அருகம்புல் நிழலில் தாங்காது. நாங்கள் எவ்வளவு மண் போட்டும் அந்த இடம் மொட்டையாகவே இருந்தது. கிளைகளைக் கழித்து வெயில் இறங்கிய பிறகுதான் புல் பிடித்தது. வேர்கள் மேலே தெரிகின்றன என்று அவற்றை மண்ணால் மூடிச் சமன் செய்யாதீர்கள், மரத்துக்கே கேடு. அடியைச் சுற்றி மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பிவிட்டோம். புல் அதற்கு வெளியே தொடங்குகிறது.