புதுப்பிப்பு: கார்ன் பாம்புக்கு நான்கடிக் கூண்டு

வளர்ந்துவரும் என் கார்ன் பாம்புக்கு (செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பினம்) மூன்றடித் தொட்டி போதுமா, நான்கடிக் கூண்டு வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரிய இடத்தில் பாம்பு மிரண்டு இரை எடுக்காமல் போகும் என்று சிலர் எச்சரித்திருந்தீர்கள். இறுதியில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட கூண்டையே வாங்கினேன். முழு வளர்ச்சியில் இவ்வினம் பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரை நீள்வதால், உடலை நீட்டிப் படுக்க இடம் தருவதே நியாயம் என்று கருதுகிறேன்.

மிரட்சிக்குக் காரணம் இடத்தின் அளவு அன்று, ஒளிய இடமில்லாத வெறுமையே. ஆகவே இரு முனைகளிலும் உடல் உரசும் அளவுக்கு நெருக்கமான மறைவிடங்களை வைத்து, இடைப்பட்ட தரையை மரப்பட்டைகளாலும் செயற்கை இலைகளாலும் நிரப்பினேன். நீளத்தின் உண்மையான பயன் வெப்பநிலையில் தெரிகிறது: வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியின் துணையால் ஒரு முனை 31 டிகிரி செல்சியஸில் இருக்க, மறுமுனை 24இல் நிற்கிறது, பழைய தொட்டியில் இந்த வேறுபாடு கிட்டவே இல்லை. இரவில் குறுக்குக் கிளையில் ஏறி, வாலைச் சுற்றிக்கொண்டு தலையை நீட்டித் துழாவுகிறது. எலியை வழக்கம்போல் விழுங்குகிறது.

கதவிடுக்கில் மட்டும் கவனம் தேவை. தலை நுழையும் சந்து கிடைத்தால் இப்பாம்பு வெளியேறிவிடும் என்பதால் பூட்டுப் போட்டிருக்கிறேன்.