கீழ்த்தாடையில் பெரிய கெரட்டோசிஸ்ட்: டியூப் வைத்துச் சுருக்குவது எப்படி?

முதுநிலை மாணவி:
வணக்கம். 24 வயது நோயாளி. இடது கீழ்த்தாடைக் கோணத்தில் 5 செ.மீ. கட்டி, கெரட்டோசிஸ்ட் (உள்ளே கெரட்டின் புரதம் நிறைந்த பை) போலிருக்கிறது; ஞானப்பல்லைச் சுற்றி ரேமஸ் (தாடையின் மேலேறும் பகுதி) வரை ஏறியிருக்கிறது. சிபிசிடியில் (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) நரம்புக் குழாய் கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது. கீழ் விளிம்பில் 4 மி.மீ. எலும்புதான் மிச்சம். ஒரேயடியாகத் தோண்டி எடுத்தால் தாடை முறிந்துவிடுமோ என்று பயம். டிகம்ப்ரஷன் (டியூப் வைத்து உள்ளழுத்தத்தை இறக்கிக் கட்டியைச் சுருக்குவது) செய்யலாமா? எந்த டியூப், எப்படிக் கட்டுவது?

வாய்நோயியல்:
டியூபுக்கு முன்னால் ஊசி. 18 கேஜில் உறிஞ்சிப் பாருங்கள். ரத்தம் தானாகப் பீறிட்டால் நிறுத்துங்கள், ரத்தக்குழாய்க் கட்டியா என்று பார்க்க வேண்டும். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக வந்தால் கெரட்டின். அதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். யூனிசிஸ்டிக் அமெலோபிளாஸ்டோமா (பல் உருவாக்கும் திசுவில் வரும் வேறொரு கட்டி) எக்ஸ்ரேயில் அச்சு அசல் இப்படியே தெரியும். ஜன்னல் (டியூபுக்கான துளை) திறக்கும் அன்றே சுவரில் தாராளமாக ஒரு துண்டு அனுப்புங்கள், சீழ் இல்லாத இடத்திலிருந்து. டியூப் சில மாதம் இருந்தபின் உள்சுவர் சாதாரண வாய்ச்சவ்வு போல மாறிவிடும். அப்போது துண்டு அனுப்பினால் எங்களால் பெயர் சொல்ல முடியாமல் போகலாம்.

அறுவை:
தாராளமாகச் செய்யலாம். கார்ல் பார்ட்ச் 1892-ல் சொன்ன ஜன்னல் முறையின் சிறிய வடிவம்தான் இது. உள்ளழுத்தம் இறங்கினால் சுற்றிலும் எலும்பு கூடிவரும்.

குழந்தைகளுக்கான ஃபீடிங் டியூப் வேண்டாம், கெரட்டின் அடைத்துக்கொள்ளும். 6 நம்பர் நாசோபேரிஞ்சியல் ஏர்வேயை (மூச்சுவிட மூக்கு வழியாகச் செலுத்தும் டியூப்) வெட்டிப் போடுங்கள். அதன் விரிந்த வாய் வெளியே நிற்பதால் டியூப் உள்ளே நழுவாது. நுனியைச் சாய்வாக வெட்டி, பக்கவாட்டில் இரண்டு துளை போடுங்கள். நுனி எதிர்ச்சுவரைத் தொட்டால் வலிக்கும், அடைக்கவும் செய்யும்.

மரத்துப்போகும் ஊசியிலேயே இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், கன்னப்பக்கம் 1 செ.மீ. திறந்தால் போதும். சில்க் தையல் சீக்கிரம் தளரும். 26 கேஜ் கம்பியால் அந்தப் பல்லின் கழுத்தோடு கட்டுங்கள். வாயை மூடச் சொல்லிப் பாருங்கள், மேல்பல் டியூபைக் கடிக்கக் கூடாது. டியூப் கழன்றால் துளை சில நாளிலேயே சுருங்கும், உடனே வரச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது கழுவுவதில்தான். 20 மி.லி. சிரிஞ்சு, மழுங்கிய ஊசி, சலைன். காலையும் இரவும் சாப்பிட்டபின், வெளிவரும் நீர் தெளியும் வரை. கண்ணாடி முன் நிறுத்தி, நோயாளி தானே ஒருமுறை செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

முதுநிலை மாணவி:
நன்றி சார். கட்டி சுருங்கிவிட்டால் அப்படியே விடலாமா?

அறுவை:
கூடாதும்மா. கெரட்டோசிஸ்டில் குட்டிக் கட்டிகள் சுவரில் மிஞ்சும். 3 மாதத்துக்கு ஒரு ஓபிஜி (தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே) எடுங்கள். நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே எலும்பு தெரிந்ததும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில், உள்ளே இறங்கலாம். அதற்குள் சுவர் தடித்திருக்கும், கிழியாமல் உரிந்து வரும். ஞானப்பல்லையும் மேலே ஒட்டிய சவ்வையும் சேர்த்து எடுத்து, சுற்று எலும்பை 1–2 மி.மீ. பர்ரால் (சுழலும் அரைமுனை) தேயுங்கள். கார்னாய்ஸ் கரைசல் (மிஞ்சிய கட்டிச் செல்களைக் கொல்லும் திரவம்) வைப்பதானால் 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நரம்பு வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் தொடவே வேண்டாம். பிறகு ஆண்டுதோறும் ஓபிஜி. பத்து ஆண்டு கழித்தும் திரும்பி வந்ததுண்டு.