காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டேப்பெட் சத்தம்: நம்ம சென்னை வெயிலிலும் இன்ஜின் தேயுமா?

தண்டையார்பேட்டைவாசி:
வணக்கம். 2014 வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. பிள்ளைகளை ராயபுரத்தில் பள்ளியில் விடுவது, அப்புறம் காலடிப்பேட்டையில் அம்மா வீடு, இவ்வளவுதான் ஓட்டம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் மூன்று நான்கு நொடி வால்வு பக்கம் டிக்டிக்கென்று டேப்பெட் சத்தம் வந்து அடங்குகிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. ஆறிக் கிடக்கும் இன்ஜினை எடுக்கும் கோல்டு ஸ்டார்ட்டில்தான் அது அதிகம் தேயும் என்கிறார்கள். பனி கொட்டும் ஊருக்குச் சரி, நமக்கு எதற்கு அந்தக் கவலை? பக்கத்து வீட்டு அண்ணன், பத்து நிமிடம் ஐடிலில், அதாவது நின்றபடியே இன்ஜினை ஓட விட்டுவிட்டு எடு என்கிறார். எங்கள் தெரு குறுகல். தண்ணீர் லாரி வந்தால் வண்டியை எடுத்து நகர்த்தி வைக்க வேண்டும். போன வருடம் இன்ஜின் சூடாகிறது என்று ஒரு இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே 20டபிள்யூ-40 என்ற கெட்டி கிரேடு ஆயில் ஊற்றினார்கள்.

வியாசர்பாடி மெக்கானிக்:
தம்பி, நமக்கும் அந்தக் கவலை உண்டு. இன்ஜின் ஆயில் வேலை செய்யும் சூடு சுமார் 90, 100 டிகிரி. நம்ம ஊர் காலை 28 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். 40 டிகிரியிலேயே ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். ராத்திரி நிற்கும்போது அது கீழே சம்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு இறங்கிவிடும். செல்ஃப் அடித்ததும் பம்ப் அதை மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் வரை ஏற்ற வேண்டும். அதுவரை மிச்சம் ஒட்டியிருக்கிற மெல்லிய படலத்தில்தான் எல்லாம் ஓடும்.

உங்கள் கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். "சென்னை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்" என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்றுவது பழைய பழக்கம். பாகங்களுக்கு நடுவே நெருக்கமான இடைவெளி வைத்துக் கட்டிய இன்ஜினில் அது மேலே ஏற நேரமாகும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், வண்டி நிற்கும்போது ஆயிலைத் திரும்ப இறங்க விடாது. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரமே விறைத்துப்போகும். ஒரு நொடிச் சத்தத்தை நான் பெரிதாக எடுக்க மாட்டேன், மூன்று நான்கு நொடி என்றால் முதலில் இந்த இரண்டையும் பார்ப்பேன்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. சூடாகிறது என்று வேலை பார்த்த இடத்தில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்களா? "நம்ம ஊருக்கு இது தேவையில்லை" என்று கழற்றிப் போடுவதை எத்தனையோ வண்டியில் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. அந்த வால்வு 80 டிகிரி தாண்டும் வரை இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருந்தால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். அது இல்லையென்றால் ராயபுரம் போய்ச் சேரும்வரை உங்கள் வண்டிக்குக் கோல்டு ஸ்டார்ட் முடியவே முடியாது. கூலன்ட் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லும், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசிஎம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்வது அங்கேதான். மைலேஜ் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நாளைக்கு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுவென்று படிந்திருந்தால், உள்ளே சேர்கிற ஈரம் ஆவியாகிப் போக இன்ஜின் சூடு பத்தவில்லை என்று அர்த்தம். கூலன்ட் அளவும் குறைகிறது என்றால் விஷயம் வேறு, கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

எண்ணூர் சாலை:
அண்ணன் சொன்னதைச் சோதிக்க வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒன்று வாங்குங்கள். ஸ்டீரிங்குக்குக் கீழே செருகினால் கூலன்ட் சூடு போனிலேயே தெரியும். ஓடுகிற வேகத்தில் 80க்கு மேல் நிற்க வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் 60, 65க்கு இறங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரம்பூர் ராமன்:
எங்கள் அப்பா அம்பாசடரை தினமும் காலையில் ஐடிலில் விட்டுச் சூடேற்றித்தான் எடுப்பார். அந்த இன்ஜின் எத்தனை வருடம் உழைத்தது! பத்து நிமிடம் என்பது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

வியாசர்பாடி மெக்கானிக்:
ராமன் சார், அப்பா செய்தது அந்த வண்டிக்குச் சரி. அது கார்புரேட்டர், சோக் இழுத்து எடுக்கிற வண்டி, சூடேறாமல் எடுத்தால் திக்கித் திக்கி நின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியை ஐடிலில் விட்டால் மெதுவாகத்தான் சூடேறும், அந்தப் பத்து நிமிடமும் பெட்ரோல் கூடுதலாகவே போகும். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடம், ஆர்பிஎம் தானாக இறங்கட்டும். ரேஸ் பண்ணவே வேண்டாம். அப்புறம் முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் 2,500 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டினால் போதும். ஓட்டத்தில்தான் ஆயில் சூடேறும், அதுவும் கூலன்ட்டுக்குப் பின்னால்தான்.

தம்பி, தண்ணீர் லாரிக்காகப் பத்தடி நகர்த்த ஸ்டார்ட் பண்ணி உடனே அணைப்பது மோசமான பழக்கம். ஊற்றிய பெட்ரோல் எல்லாம் சுவரிலேயே தங்கிவிடும். சாவியைப் போட்டு ஸ்டீரிங் லாக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில் இரண்டு பேர் தள்ளுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும், ஒருவர் கை ஹேண்ட் பிரேக்கில் இருக்கட்டும்.

வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது நிற்காத ஓட்டம் கொடுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வேண்டாம், கண்டெய்னர் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். மாதவரம் வழியாகச் செங்குன்றம் தாண்டிப் போய்த் திரும்பினால் ஆயிலில் இறங்கிய பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகும். இந்தக் குட்டி ஓட்டத்துக்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டைவாசி:
மூடியைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே நிறம். கூலன்ட் குறையவில்லை. வேலை பார்த்த இடத்தில் கேட்டதற்கு வால்வைக் கழற்றியதை ஒப்புக்கொண்டார்கள். புதிதாகப் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வியாசர்பாடி மெக்கானிக்:
கையேட்டில் இருக்கிற அதே டிகிரி வால்வு, கூடவே புது ரப்பர் சீல். அதற்கு முன்னால், அன்று ஏன் சூடானது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன், மூடி, வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்கட்டும், இல்லையென்றால் பழைய கோளாறு அப்படியே திரும்ப வரும். கூலன்ட் ஊற்றியதும் உள்ளே மாட்டிய காற்றை முழுக்க எடுக்க வேண்டும். போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் அது உப்பு, ரேடியேட்டரை உள்ளிருந்து அரித்துவிடும்.