மதர்போர்டு மேல் ஒட்டியிருந்த கருப்பு பிளாஸ்டிக் தாள்: இல்லாமலே மூடிவிடலாமா?

திருகாணி:
வணக்கம். அஞ்சு வருஷத்து லேப்டாப். ஃபேன் சத்தம் தாங்காமல் நேற்று ராத்திரி கீழ்மூடியைக் கழற்றினேன். மொத்தம் பத்து திருகு. உள்ளே மதர்போர்டில் பாதியை மூடிக்கொண்டு, எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி கருப்பாக ஒரு பிளாஸ்டிக் தாள். ரேம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. மெதுவாகத்தான் உரித்தேன். ஆனாலும் ஒரு மூலை மடங்கி வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது, பசையும் போய்விட்டது.

மூடியின் உட்பக்கமும் இதே மாதிரி இன்னொரு தாள், காற்றுத் துளைகளில் பாதியை அடைத்தபடி! துளையையும் போட்டுவிட்டு அதை எதற்கு அடைப்பானேன்? இரண்டையும் தூக்கிப் போட்டால் சூடு குறையும்தானே? முதல் தாள் இல்லாமல் மூடி ஒரு மணி நேரம் ஓட்டினேன், நன்றாகவே ஓடுகிறது.

பழுதுபெட்டி:
தூக்கிப் போட்டுடாதீங்க. குப்பையில போட்டிருந்தாலும் எடுத்துத் துடைச்சு வைங்க.

ஒரு மணி நேரம் ஓடினதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மேசை மேல வச்சு ஓட்டியிருப்பீங்க. மடியில வச்சாலோ, ஒரு கையால மூலையைப் பிடிச்சுத் தூக்கினாலோ மூடி வளையும். உங்க மூடி உலோகம்னா அது திருகு வழியா போர்டோட கிரவுண்டை, அதாவது மைனஸ் பக்கத்தை, தொட்டுக்கிட்டே இருக்கும். கரண்ட் ஓடுற கெபாசிட்டர் முனை ஒண்ணு அதுல பட்டாப் போதும், ஷார்ட். உயரமான பாகத்துக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காத மாடல்லாம் இருக்கு. அந்த இடுக்குல நிக்கிற காவல்காரன்தான் இந்தத் தாள்.

எங்கிட்ட ஒரு மெஷின் வந்துச்சு, "திடீர்னு செத்துப்போச்சு"ன்னு. மூடியைத் திருப்பிப் பார்த்தா உட்பக்கம் கடுகளவுக்குப் பெயின்ட் கருகியிருக்கு. நேர் எதிர்ல சார்ஜர் லைன் கெபாசிட்டர், 19 வோல்ட் வர்ற இடம். வெளிப்பக்கம் அதே இடத்துல லேசா ஒரு நசுங்கல், விரலால தடவினாத்தான் தெரியும். தாள் எங்கேன்னு கேட்டேன். "புதுசுல ஒட்டி வர்ற பேக்கிங்னு நினைச்சு உரிச்சுட்டேன்"னார். 19 வோல்ட் மனுஷனுக்கு ஷாக் அடிக்காது. ஆனா ஷார்ட் ஆனா பாய்ற ஆம்பியர் சும்மா விடாது.

தாள் பாலியெஸ்டர், தண்ணி பாட்டில் செய்ற அதே பெட் பிளாஸ்டிக் வகை. டூபான்ட் கம்பெனி வச்ச பேரால மைலார்னு சொல்லுவோம். உருக 250 டிகிரி பக்கம் ஆகணும், லேப்டாப்புக்குள்ள அவ்வளவு சூடு வராது. பழைய ஸ்க்ரீன்ல டியூப் விளக்கு இருந்த காலத்துல அந்த விளக்குக்கு வோல்ட்டை ஏத்திக் கொடுக்கிற இன்வெர்ட்டர் போர்டையே இப்படிச் சுத்தி வச்சிருப்பாங்க. அதுல நூத்துக்கணக்கான வோல்ட், தெரியாமத் தொட்டு நானே வாங்கியிருக்கேன்.

துளைக்கு வருவோம். ஃபேன் பக்கத்துலயே துளை திறந்திருந்தா காத்து குறுக்குவழியில வந்து வெளியே போயிடும். அதை அடைச்சாத் தூரத்துத் துளை வழியா நுழைஞ்சு, ரேம், ஃபைலெல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி மேலெல்லாம் தவழ்ந்து வரும். வாய்க்காலுக்கு வரப்பு போடுற மாதிரி.

அது சரி, உரிக்கும்போது பேட்டரி கனெக்டரைக் கழட்டினீங்களா?

சாலிடர்சாமி:
பழுதுபெட்டி சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும். கருப்பாக இருப்பதெல்லாம் மைலார் அல்ல. சிலவற்றில் பிளாஸ்டிக்குக்கு நடுவே அலுமினியப் படலம் இருக்கும், ரேடியோ இரைச்சலைத் தடுக்க. ஓரத்தில் சாம்பல் நிறத் துணி சுற்றிய பஞ்சுத் துண்டு இருந்தால் பெரும்பாலும் அந்த ரகம், அது கிரவுண்டைத் தொட்டே ஆகவேண்டும். இன்னொன்று கிராஃபைட் தாள், சூட்டைப் பரப்புவதற்கு. அது மின்சாரம் கடத்தும், கிழிந்து துகள் உதிர்ந்தால் ஆபத்து. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு பக்கமும், வெட்டு ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் கத்தினால் அந்த இடம் மின்சாரம் கடத்தும், தாளைத் தலைகீழாக ஒட்டிவிடாதீர்கள்.

சூடு விஷயத்தில் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். அடைப்பை எடுத்ததில் சிபியு நாலு டிகிரி இறங்கிய மெஷினும் என்னிடம் உண்டு.

திருகாணி:
பேட்டரியைக் கழற்றவில்லை. திட்டாதீர்கள்.

மீட்டர் எங்கேயும் கத்தவில்லை, வெறும் பிளாஸ்டிக்தான். மூடித் தாளையும் கழற்றிப் பார்த்தேன். ஒரே வீடியோவை இருபது நிமிடம் கன்வர்ட் செய்ததில் சிபியு இரண்டு தடவையும் 84 டிகிரி. எஸ்எஸ்டி மட்டும் தாள் இருந்தபோது 54, இல்லாதபோது 61. வரப்புக் கதை என் மெஷினில் உண்மை. மறுபடி எதை வைத்து ஒட்டுவது? செலோ டேப் போதுமா?

பழுதுபெட்டி:
செலோ டேப் வேண்டாம், சூட்டுல காய்ஞ்சு கழண்டுடும். சர்ர்னு இழுத்துப் பிரிக்கிறப்பவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஸ்டேட்டிக் வரும். வயருக்குச் சுத்துற கருப்பு டேப்பும் வேண்டாம், பசை இளகிப் போர்டெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். தேன் கலர்ல கேப்டான் டேப் கிடைக்கும், சாலிடர் சூட்டையே தாங்கும். நாலு மூலைக்கும் சின்னத் துண்டு போதும். பழைய துளைகள் அதே பாகங்களுக்கு நேரா உட்காரணும். சூட்டை மூடிக்குக் கடத்துற மெத்தென்ற தெர்மல் பேட் இருந்தா, அது மூடியைத் தொடுற இடத்தை மறைச்சுடாதீங்க. வெள்ளைக் கோடு பரவாயில்லை, கிழியலைன்னா சரி. பேட்டரியைக் கழட்டிட்டு.

திருகாணி:
பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒட்டியாச்சு. மூடும்போது ஒன்பது திருகுதான் இருந்தது. மேசை, தரை, சட்டைப்பை எல்லாம் தேடிவிட்டு மூடியை மறுபடி திறந்தேன். பத்தாவது திருகு கருப்புத் தாள் மேல் படுத்திருந்தது, சார்ஜர் லைன் கெபாசிட்டருக்கு நேர் மேலே.