ரெண்டாவது பாம்பு வாங்கினா செலவு டபுளாயிடுமா?

லண்டன்ல இருக்கேன், ரெண்டு வருஷமா ஒரு பால் பைத்தான் (Ball python, பந்து மாதிரி சுருண்டுக்கிற சின்ன மலைப்பாம்பு) வளக்குறேன், இப்ப கார்ன் ஸ்னேக் மேல ஆசை வந்துடுச்சு. ஒரே தொட்டில விடலாமா?

பதில் 1: வேணவே வேணாம்ங்க. தொட்டி, ஹீட்டர், சூட்ட அளவா வைக்கிற தெர்மோஸ்டாட் எல்லாம் தனித்தனியா வாங்கணும், காசு அங்கதான் போகும், அப்புறம் கரண்ட் பில்லு. தீனி பெருசா இல்ல, வளந்த பாம்புக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு எலி போதும்.

பதில் 2: என்கிட்ட நாலு இருக்கு. தண்ணி மாத்த டெய்லி பத்து நிமிஷம், ஆனா தீனி போடுற அன்னிக்கு சாயங்காலமே காலி, ஃப்ரீசர் எலிய உருக வச்சு வெந்நீர்ல கதகதப்பாக்கி இடுக்கியால புடிச்சு நீட்டிட்டு நின்னா பால் பைத்தான் மூஞ்சத் திருப்பிக்கும், உருகினத திரும்ப ஃப்ரீசர்ல வைக்கவும் கூடாது, குப்பைதான். (வீட்டம்மா அந்த ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் வைக்கிறதையே நிறுத்திட்டாங்க.)

பதில் 1: புதுச ரெண்டு மூணு மாசம் வேற ரூம்ல வைங்க, உண்ணி இருந்தா பழசுக்கும் தொத்திக்கும்.