புதுக் கடைக்கு நாற்பது நாள் கழித்துப் போகிறவன்

தருமபுரி, பாரதிபுரத்திலிருந்து

எங்கள் ஊரில் புதிதாக ஓர் உணவகமோ உணவு வண்டியோ வந்தால் முதல் மாதம் அந்தப் பக்கம் போவதில்லை என்று நானும் என் மனைவியும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வாழைமரம் கட்டி, சீரியல் விளக்கு போட்டு, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கும் நாட்களில் கிடைக்கும் பிரியாணியைக் கொண்டு அந்தக் கடையை எடை போட முடியாது. அந்த நாட்களில் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்து ‘உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்குங்களா’ என்று கேட்பார். சால்னா கேட்காமலே இரண்டாம் முறை வரும். இந்த உபசரிப்பெல்லாம் அடங்கி, சேலத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ அழைத்து வந்த மாஸ்டர் சம்பளத் தகராறில் ஊருக்குப் போய்விட்டாரா, நிலைத்துவிட்டாரா என்பது தெரிய எப்படியும் நாற்பது நாள் ஆகிவிடுகிறது.

இந்த வழக்கம் ஒரு ஷவர்மா வண்டியால் வந்தது. பெயரும் இடமும் வேண்டாம். தொடங்கிய புதிதில் அதை நடத்திய மாஸ்டர், கம்பியில் சுழலும் கோழிக்கறியின் மேல்பக்கம் சிவந்து முறுகிய அளவுக்கு மட்டும் மெல்லிசாகச் சீவுவார். பத்துப் பேர் வரிசையில் நின்றாலும், ‘அஞ்சு நிமிஷம் இருங்க சார், வேகட்டும்’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான்கைந்து மாதம் கழித்துப் போனபோது வண்டியும் பலகையும் அதேதான், ஆள் மட்டும் வேறு. கூட்டத்தைக் கண்டதும் அவர் கத்தியை ஆழமாக இறக்கினார். உள்ளே வெளிறிக் கிடந்த கறியும் சேர்ந்து விழுந்தது. அதைக் கல்லில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, வெளியிலேயே திறந்திருந்த டப்பாவிலிருந்து மயோனைஸைத் தாராளமாகத் தடவிச் சுருட்டிக் கொடுத்தார். அன்றிரவு என் மகனுக்குத் தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூன்றாம் நாள்தான் நின்றன.

கறியா, மயோனைஸா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை. பச்சை முட்டையை எண்ணெய் விட்டு அடித்துச் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருந்துவிட்டால், அவற்றைக் கொல்லும் சூடு அந்தச் செய்முறையில் எந்த இடத்திலும் கிடையாது. குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் அவை பெருகவும் செய்யும். பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் இதனால்தான். தடை வந்த பிறகு வேறொரு வண்டியில், ‘இது முட்டை போட்டதா, போடாததா’ என்று கேட்டேன். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று பதில் வந்தது. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இனி நல்ல அனுபவத்துக்கு வருகிறேன். பென்னாகரம் சாலையில் மாலை வேளையில் ஒரு பழைய டாடா ஏஸ் வந்து நிற்கிறது. பக்கவாட்டுக் கதவை மேலே தூக்கி இரண்டு கம்பிகளால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதுவே மழைக்கும் கூரை. ஐம்பது வயது மதிக்கத்தக்க கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அங்கே கிடைப்பது கேழ்வரகுக் களி மட்டும்தான்; குழம்பு மட்டும் நாளுக்கு நாள் மாறும். தருமபுரிக்காரனுக்குக் களியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வண்டியில் களி கிளறுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நொய் குழைந்து வந்ததும் அந்த அக்கா மாவை ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வைத்து வேக விட்டார். கிளறும் நேரம் வந்தபோது கணவர் அடுப்பை அணைத்து, குண்டானைத் துணியால் பிடித்து இறக்கித் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் வைத்தார். ‘ஏன் கீழே?’ என்றேன். ‘மேல நின்னு கிண்டுனா வண்டியே ஆடுதுங்க தம்பி, கொழம்பு சட்டி எல்லாம் வழுக்குது’ என்றார். முதல் வாரம் மேலே நின்று கிளறி, ஒரு சட்டிக் குழம்பு தார்ச்சாலைக்குப் போன பிறகு கண்டுபிடித்த வழியாம். கணவர் கவைக்கோலால் குண்டானை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அக்கா இரு கைகளாலும் துடுப்பைச் சுழற்றினார். மாவுக்கட்டி ஒன்றுகூட இல்லாமல், களி குண்டானின் ஓரத்தை விட்டுப் பிரிந்து ஒரே பந்தாகத் திரளும் வரை அவர் நிமிரவே இல்லை. பிறகு ஈரக்கையால் கிண்ணத்தில் உருட்டி ஆவி பறக்கத் தட்டில் வைத்தார்.

நான் போனது தை மாதம் என்பதால் அன்று பிதுக்குப் பருப்புக் குழம்பு. பச்சை மொச்சையை இரவே ஊற வைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்குவது எவ்வளவு பொறுமையான வேலை என்று வீட்டில் செய்தவர்களுக்குத் தெரியும். ஓர் உருண்டையும் குழம்பும் ஐம்பது ரூபாய். பெங்களூரில் வேலை செய்யும் என் தங்கை மகன், களியைப் பிட்டு வாயில் போட்டுச் சப்பாத்தியைப் போல மென்றுகொண்டிருந்தான். ‘மெல்லாத கண்ணு, கொழம்புல பொரட்டி முழுங்கு’ என்று அந்த அக்கா அதட்டியதில் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் இரண்டாவது உருண்டையும் கேட்டான்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டையிலிருந்து

அண்ணா, உங்கள் நாற்பது நாள் கணக்கு பெரிய கடைகளுக்குப் பொருந்தலாம். வண்டிக்காரர்களுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். ஊரில் எல்லாரும் உங்களைப் போலக் காத்திருந்தால், கடன் வாங்கி வண்டி போட்டவர் இருபதாம் நாளே அதை விற்றுவிட்டுப் போய்விடுவார். முதல் வாரத்தில் சொல்லும் குறையை அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ‘வேற யாரும் சொல்லலையே மேடம்’ என்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளியே சாப்பிடுவது என்றாலே கே.ஆர்.பி. அணை மீன் வறுவல்தான். மசாலா தடவிய ஜிலேபியும் கட்லாவும் தட்டில் அடுக்கியிருக்கும். நாம் கை காட்டிய மீனை நம் கண் முன்னாலேயே எண்ணெயில் போடுவார்கள். சென்ற ஆண்டு ஊருக்குள் ஒரு புதிய வண்டி ‘அணை மீன்’ என்று பலகை வைத்துத் தொடங்கியது. இரண்டாம் நாளே என் அம்மாவோடு போனேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய்தான் டிகாக்‌ஷன் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது, துண்டைப் போட்டதும் கண்ணைக் கரிக்கும் புகை வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது; அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும் நிறமும் நுரையும் புகையும் போதுமான அறிகுறிகள். என் அம்மா சட்டம் எதுவும் பேசவில்லை. ‘ஏம்ப்பா, மீனுக்கு இவ்வளவு நல்ல மசாலா போடறே, எண்ணெயில ஏன் கணக்குப் பாக்கறே?’ என்று மட்டும் கேட்டார். அந்தத் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு போனபோது வாணலி சிறியதாகியிருந்தது. குறைந்த எண்ணெயை ஊற்றி, தினமும் மாற்றுவதாகச் சொன்னார். இன்றும் அந்த வண்டி ஓடுகிறது.

மாம்பழ ஜூஸ் வண்டிகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் டப்பாக் கூழ் கிடைப்பது எளிது. மார்கழியிலும் அதே நிறம், அதே இனிப்பு என்றால் அது கூழும் சர்க்கரையும்தான். அதில் தவறில்லை, ஆனால் ‘ஃபிரெஷ் அல்போன்சா’ என்று எழுதி அதற்கு எண்பது ரூபாய் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பழம் சாப்பிட வருகிறவர்கள் ஆனி மாதம் வாருங்கள். செந்தூராவைக் கண் முன்னால் நறுக்கி அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மீண்டும் பாரதிபுரத்திலிருந்து

தங்கை சொன்னது என்னை உறுத்தியது. களி வண்டிக்கும் நான் நாற்பது நாள் கழித்துத்தான் போயிருந்தேன் என்பதும், குழம்பு கொட்டிய அந்த முதல் வாரத்தில் அவர்களுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதும் அப்போதுதான் தோன்றியது. நேற்று போனபோது அந்த அக்காவிடமே கேட்டேன். முதல் நாள் ஒன்பது உருண்டைதான் விற்றதாம். மீதியைக் கரைத்துக் கூழாக்கி, மறுநாள் காலை வீட்டு வாசலில் மோர் ஊற்றி விற்றிருக்கிறார்கள். ஆகவே வண்டிகளுக்கு மட்டும் என் விதியைத் தளர்த்திக்கொள்கிறேன்; உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஒட்டியிருக்கிறதா, பாத்திரம் கழுவ எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முதல் வாரமே போய்விடலாம் என்றிருக்கிறேன். ஷவர்மாவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

களி வண்டி எங்கே என்று கேட்டவர்களுக்கு: பென்னாகரம் சாலையில் டவுனை விட்டுச் சற்று வெளியே போனால் இடப்பக்கம், புளியமரத்தடியில் நிற்கும். பலகை கிடையாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. எட்டு மணிக்கு மேல் போனால் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.